அம்மாபேட்டை வீடும் லெஸ்டர் வீடும்

"அப்பா, நம் அம்மாபேட்டை வீடு இன்றைக்கு என்ன விலை போகும்?"

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து மகள் இப்படிக் கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை. கையில் தட்டுவடை செட், அதில் பாதி வாயில். விற்கப் போகிறாளோ என்று நினைத்துவிட்டேன். சேலத்தில் நான் பிறந்த வீடு அது. பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்ததை இரண்டு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டு, நாங்கள் அஸ்தம்பட்டிக்குக் குடிவந்தோம். முன் போர்ஷனில் கொலுசுப் பட்டறைக்காரர் குடும்பம். பின் போர்ஷனில் தறிக்காரர் குடும்பம். 2019-இல் எனக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் கிடந்து திரும்பிய மறுமாதமே, பிற்காலத்தில் பங்காளிகள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அந்த வீட்டை மகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டேன். ஒரே பிள்ளை. தகப்பன் செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியம் இதுதான் என்று அன்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைக்கு இங்கிலாந்தில் என்ன விலை என்பது ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மகளும் மாப்பிள்ளையும் லெஸ்டரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். போன வருடம், 2025-இல், குடியிருக்க ஒரு வீடு பார்த்தார்கள். விலை 3,20,000 பவுண்டு. அங்கே வீடு வாங்குபவர் கட்டும் வரிக்கு ஸ்டாம்ப் டியூட்டி லேண்ட் டாக்ஸ் என்று பெயர். நம் ஊர் முத்திரைத் தீர்வைக்குத் தூரத்துச் சொந்தம். குணம் மட்டும் வேறு. நம்மிடம் விற்பனைப் பத்திரம் என்றால் முதல் ரூபாயிலிருந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அங்கே படிப்படியாக ஏறும். முதல் 1,25,000 பவுண்டுக்கு வரியே இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கும் மேல் 9,25,000 வரை 5 சதவீதம். வாழ்க்கையில் முதன்முதலாக வீடு வாங்குபவருக்குச் சலுகை உண்டு: வீட்டின் விலை 5,00,000-ஐத் தாண்டாமல் இருந்தால் முதல் 3,00,000 வரை வரி கிடையாது. அந்தக் கணக்கில் இவர்கள் கட்ட வேண்டியது 1,000 பவுண்டுதான். மகள் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அவர்களுடைய சொத்து வழக்கறிஞர் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உலகத்தில் எங்காவது உங்களுக்கு வீடு இருக்கிறதா? "இங்கிலாந்தில்" என்று கேட்கவில்லை. "உலகத்தில்" என்று கேட்டிருந்தார்கள். மகள் இரண்டு நாள் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே வைத்திருந்துவிட்டு, பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதியவன். அன்று இரவே பேப்பர், பேனாவோடு உட்கார்ந்தேன். ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர் இன்னொன்று வாங்கினால் ஒவ்வொரு படியிலும் கூடுதல் வரி. 2016 ஏப்ரலில் கொண்டுவந்தபோது 3 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபர் 31-இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. 3,20,000-க்கு 5 சதவீதம் 16,000. வழக்கமான வரி 6,000. ஆக மொத்தம் 22,000 பவுண்டு. 1,000 எங்கே, 22,000 எங்கே! பவுண்டுக்கு 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் மட்டும் 23 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த இரண்டு போர்ஷனிலும் சேர்த்து மாதம் 17,000 வாடகை. பதினோரு வருட வாடகை ஒரே நாளில் காலி.

சேலத்துக்காரன் மூளை சும்மா இருக்குமா? முதலில் தோன்றியது, மாப்பிள்ளை பெயரில் மட்டும் வாங்கிவிடலாமே என்று. அவருக்கு எங்கும் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. நடக்காது என்றாள் மகள். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை அந்த வரி ஒரே ஆளாகத்தான் பார்க்கும். ஒருவர் பெயரில் வீடு இருந்தால் இருவருக்கும் இருக்கிற மாதிரி. அடுத்தது மதிப்பு. 40,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் அரசு வழிகாட்டி மதிப்பைக் காட்டினால் அதற்குள் அடங்கிவிடுமே என்றேன். "அப்பா, சந்தை விலையைத்தான் கேட்கிறார்கள். அந்தத் தெருவில் போன மாதம் விற்ற வீடு எவ்வளவுக்குப் போனது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

பெற்றவர் வழியாக வந்த வீடு, அதற்கு விலக்கு இல்லையா என்றும் கேட்டுப் பார்த்தேன். இறந்தவர் வழியாகப் பாதிப் பங்கோ அதற்குக் குறைவாகவோ வந்திருந்தால், வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லையாம். எங்களுடையது உயிரோடு இருக்கும் தகப்பன் முழுசாகத் தூக்கிக் கொடுத்தது. அந்த நெஞ்சுவலியில் நான் போயிருந்தாலும் வீடு அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் பாதிப் பாதியாகத்தான் வந்திருக்கும், ஆனால் அந்த மூன்று வருடமும் எப்போதோ முடிந்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கியதும், என் மனைவி பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது வேறு ஒரு விஷயத்தில். மகளுக்குத் தெரிந்த ஆத்தூர்க்காரர் ஒருவர் லெஸ்டரிலேயே இருக்கிறார். குடியிருக்கும் வீடு ஒன்று, வாடகைக்கு விட்டது மூன்று. அவர் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை வாங்கிக் குடிபோனார். கூடுதல் வரி ஒரு பவுண்டு இல்லை. நான்கு வீட்டுக்காரருக்கு இல்லாத வரி, கொலுசுப் பட்டறையும் தறியும் ஓடும் ஒரு ஓட்டு வீட்டுக்கு எப்படி வந்தது?

பிறகு நிதானமாக யோசித்தபோது ஓட்டம் பிடிபட்டது. அங்கே எண்ணுவது வீடுகளை மட்டும் அல்ல. குடியிருந்த வீட்டை விட்டு இன்னொரு குடியிருக்கும் வீட்டுக்கு மாறுகிறாயா என்று பார்க்கிறார்கள். மாறினால், வாடகைக்கு எத்தனை விட்டிருந்தாலும் விலக்கு. பழைய வீட்டை விற்று மூன்று வருடத்துக்குள் புதியது வாங்கினால் போதும். புதியதை முதலில் வாங்கினால் கூடுதல் வரியைக் கட்டிவிட்டு, மூன்று வருடத்துக்குள் பழையதை விற்றுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் மகளுக்கு விட்டுப்போக வீடே இல்லை. அவள் குடியிருந்தது அடுத்தவர் வீடு. வாடகைக்கு ஒரு வீட்டை விட்டுவிட்டு, தான் வாடகைக்கு இருக்கும் எல்லோருக்கும் இதே கதிதான். இருக்கிற இடத்தைப் பெரிதாக்கிக்கொள்பவனுக்கு இளகும் சட்டம், முதன்முதலாகச் சொந்தக் கூரைக்குள் போகிறவளிடம் முறைக்கிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. வீடு கைக்கு வரும் நாளன்று அவள் பெயரில் வேறு வீடு இருக்கக் கூடாது. விற்க அவளுக்கும் மனமில்லை. "எழுதிக் கொடுத்த மாதிரியே உங்களுக்குத் திருப்பி எழுதிக் கொடுக்கிறேன்" என்றாள். வழக்கறிஞர் ஒன்றை அழுத்திச் சொன்னாராம்: பெயரளவில் திருப்பிக் கொடுத்துவிட்டு வாடகையை அவளே வாங்கிக்கொண்டிருந்தால் செல்லாது, கொடுத்தது கொடுத்ததாக இருக்க வேண்டும்.

அவளால் வர முடியவில்லை. அம்மா பெயருக்குப் பவர் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்துடன் அனுப்பினாள். வெளிநாட்டிலிருந்து வரும் பவர் பத்திரத்துக்கு, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதை முடித்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவுக்குப் போனோம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்பதால் தீர்வை ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. இங்கிலாந்தில் கேட்டதை நினைத்தால் தூசு.

டோக்கன் நம்பர் வருவதற்குள் பகல் ஒரு மணி. கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். கொடுப்பவர் இடத்தில் மகளுக்காக என் மனைவி, வாங்குபவர் இடத்தில் நான். அவள் இடது கைப் பெருவிரல் ரேகை இயந்திரத்தில் விழவே இல்லை. நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல். துணியால் துடைத்து, நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி, நான்காவது முறைதான் விழுந்தது. "பெற்ற மகளிடமிருந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்கிற தகப்பனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று வெளியே வரும்போது சொன்னாள். சிரிப்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் 1,000 பவுண்டோடு முடியவில்லை. முதல் வீடு என்ற சலுகை, எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் வீடு வைத்திராதவருக்குத்தான். திருப்பிக் கொடுத்துவிட்டாலும், வைத்திருந்தவள் வைத்திருந்தவள்தான். இப்போது கூடுதல் வரி இல்லாததால், மாப்பிள்ளை மட்டும் வாங்கினால் அவருக்கு அந்தச் சலுகை கிடைத்து 5,000 பவுண்டு மிச்சமாகும் என்று ஆத்தூர்க்காரர் யோசனை சொன்னார். மகள் கேட்கவில்லை. முன்பணத்தில் பாதி அவள் சம்பாத்தியம். பத்திரத்தில் தன் பெயர் இல்லாத வீட்டுக்குள் போக மாட்டேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. 6,000 கட்டினார்கள். வீடு கைக்கு வந்த 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முதல் வாரத்திலேயே கட்டிவிட்டார்கள்.

இங்கே பட்டா மாற்றி, சொத்து வரியையும் மின் இணைப்பையும் என் பெயருக்குக் கொண்டுவர இரண்டு மாதம் அலைந்தேன். போன மாதம் ஐந்தாம் தேதி வாடகை வாங்கப் போனபோது கொலுசுப் பட்டறைக்காரர் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, பாப்பா பெயர் போடவில்லையே, மறந்துவிட்டீர்களா?" என்றார்.

இனி என் பெயர்தான் என்றேன். அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின்பக்கம் தறி நின்றிருந்தது. "பாப்பா வீட்டு மோட்டார் மறுபடியும் ஓடவில்லை, ஆள் அனுப்புங்கள்" என்றார்.