ஜூம்லயே பேசி முடிச்ச பிரிவு

லண்டன்ல இருக்க எங்க அக்காவும் மாமாவும் பிரியறதுன்னு முடிவு பண்ணப்போ நேரா கோர்ட்டுக்குப் போகல, முதல்ல மியாம்னு (MIAM) ஒரு மீட்டிங், அதாவது மீடியேஷன்ங்கற சமரசப் பேச்சு இவங்களுக்கு சரிவருமான்னு பாக்கற மீட்டிங், நடுவுல இருந்து பேச்சு நடத்தற மீடியேட்டர் ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா ஜூம்லயே பேசினாங்க, அடிதடி மிரட்டல் எதாவது இருக்கான்னு அங்கயே கேட்டுடறாங்க, அப்படி இருந்தா மீடியேஷனுக்குப் போகவே வேண்டாம், இது ரொம்ப முக்கியம்.

அடுத்து காசு. ஃபீஸ் செஷனுக்கு இவ்ளோன்னு தலைக்குத் தலை வரும். ஆனா பையன் விஷயமும் இருந்ததால 2021 மார்ச்ல ஆரம்பிச்ச அரசாங்க வவுச்சர்ல 500 பவுண்ட் வரைக்கும் கழிஞ்சுது, மியாமுக்கு மட்டும் அது செல்லாது. வருமானம் கம்மின்னா லீகல் எய்ட்னு அரசாங்க சட்ட உதவி இருக்கு, ஒருத்தருக்கு அது கிடைச்சாலே இன்னொருத்தருக்கும் மியாமும் முதல் செஷனும் ஃப்ரீ.

அரிசி டின் மேல லேப்டாப்ப சாய்ச்சு வெச்சுட்டு அக்கா உக்காந்திருந்தா. வீட்டப் பத்தி சீக்கிரமே ஒத்துக்கிட்டாங்க, சனிக்கிழமை தமிழ் ஸ்கூலுக்கு பையன யார் கூட்டிட்டு போறதுங்கறதுலதான் ஒரு முழு செஷனே போச்சு, மாமாவுக்கு தொண்டை அடைச்சதும் மீடியேட்டர் ரெண்டு பேரையும் ஜூம்லயே தனித்தனி ரூம்ல போட்டு மாறி மாறி பேசினாங்க.

பேசினத எழுதிக் குடுத்தாலும் அதுக்கு சட்டபலம் கிடையாது, பணம் சொத்துக்கு கோர்ட்ல கன்சென்ட் ஆர்டர், அதாவது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டத சட்டப்படி உறுதியாக்கற உத்தரவு வாங்கணும், அத மட்டும் தள்ளிப்போடாதீங்க.