ரிங்லெட் கொட்டகையில் ஒரு பழைய லேண்ட் ரோவர்

2024 ஜனவரி 28, ஞாயிறு

தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள். வேலைக்குத் திரும்ப இன்னும் ஒரு நாள் இருந்ததால் கொட்டகையைத் திறந்தேன். தார்ப்பாயை இழுத்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு பூனைக் குடும்பம். அப்புறம்தான் வண்டி.

1978ஆம் வருடத்து லேண்ட் ரோவர், சீரிஸ் 3. வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம்) 88 அங்குலம், இரண்டு கதவு, பின்னால் திறந்த தொட்டி. டீசல் எஞ்சின், 2286 சிசி. அப்பா 1991இல் ஏலத்தில் எடுத்தார். அன்றிலிருந்து மலேசியாவின் கேமரன் மலையில், பெர்தாம் பள்ளத்தாக்கில் இருந்த எங்கள் தோட்டத்துக்கும் ரிங்லெட்டுக்கும் நடுவே முட்டைக்கோஸ் ஏற்றியே அதன் காலம் போனது. 2013 அக்டோபர் வெள்ளத்தில் இருக்கை உயரத்துக்குச் சேற்றில் நின்றது. அப்பா கழுவி, எண்ணெய் மாற்றி, ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்து வீடுவரை ஓட்டி வந்து நிறுத்தினார். அதோடு சரி.

வெளியூரில் இதைச் சேகரிப்புப் பொருள் மாதிரி துடைத்து வைத்திருக்கிறார்கள். கேமரன் மலையில் இது மண்வெட்டி மாதிரி. அதனால்தானோ என்னவோ, நான் இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் போகிறேன் என்றதும் அப்பாவுக்குப் புரியவில்லை.

"பழைய நிலைன்னா? வெள்ளத்துக்கு முந்தியா?"

"இல்லப்பா. தொழிற்சாலையிலருந்து வந்தப்ப இருந்த மாதிரி."

"அப்ப நான் பார்த்ததே இல்லியே" என்றார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பிரிக்க ஆரம்பித்தாயிற்று. முதல் பாடம்: என் ஸ்பானர் பெட்டியில் பாதி உதவாது. எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலப் போல்ட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ஏறக்குறையதான் ஆபத்து. இரண்டாவது இழுப்பில் போல்ட் தலை உருண்டையாகிவிடுகிறது. மூன்று போல்ட்டைக் கெடுத்த பிறகு, பக்கத்து வரிசையில் இருக்கும் பாக்சிக்கிடம் போய் நின்றேன். ராணுவத்தில் இதே வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். 7/16, 1/2, 9/16 என்று துணியில் சுற்றிய மூன்று ஸ்பானரைக் கொடுத்து, "இந்த மூணும் போதும், பாதி வண்டியைக் கழட்டிடலாம்" என்றார். உண்மைதான்.

தொட்டியின் இரு பக்கமும் அப்பா ஆங்கிள் இரும்பில் தடுப்பு வைத்துப் பற்ற வைத்திருந்தார். அசிங்கமான பற்றவைப்பு. கிரைண்டரால் அறுத்து எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் போட்டேன். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

சீனப் பெருநாளுக்கு ஈப்போவில் சாமான் கடைகள் மூடிக் கிடந்தன. வாங்க வழியில்லாததால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

லேண்ட் ரோவரின் மேல் உடம்பு அலுமினியம். போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு முதல் வண்டியைக் கொண்டுபோனபோது அலுமினியக் கலவைத் தகட்டில்தான் செய்திருந்தார்கள். அதனால் 'லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது' என்று ஒரு பேச்சு உண்டு. பாதிப் பொய். கீழே இருக்கும் சேஸி இரும்பு. ஓட்டுநர் காலுக்கு முன்னால் நிற்கும் பல்க்ஹெட் இரும்பு. இரும்பும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்கிறது. இங்கே ஈரத்துக்கா பஞ்சம்?

வலது பக்கக் கால்தளத்தில் தார் பூசிய ஒட்டு இருந்தது. சுரண்டினால் பச்சை நிறம். இன்னும் சுரண்டினால் மைலோ டின். அப்பா பெரிய டின்னை விரித்துத் தட்டி, ரிவெட் அடித்து ஓட்டையை அடைத்திருக்கிறார். அதை எடுத்ததும் கால்தளம் முழுக்கக் கையோடு வந்துவிட்டது. 'மைலோ டின்தான் இத்தனை வருஷம் உங்க காலைத் தாங்கிச்சு' என்று சொல்லலாம் என்று திரும்பினால், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

சேஸியின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும். இது 'தொப்'. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. ஓட்டையைப் பெரிதாக்கியதும் மண் கொட்டியது. காய்ந்து கட்டியான, சாம்பல் கலந்த மஞ்சள் மண். பெர்தாம் மண். பத்து வருடம் சேஸிக் குழாய்க்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு மழையிலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மகளை விட்டு அள்ளச் சொன்னேன். இரண்டு வாளி.

வெள்ளத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தொட்டித் தரை அரித்துப்போனதற்குக் காரணம் கோழிச் சாணம். மூட்டை மூட்டையாக எத்தனை வருடம் இதில் ஏற்றியிருப்போம்! வெள்ளம் ஒரு ராத்திரி. சாணம் தினமும்.

மார்ச் 3, ஞாயிறு

இன்றைக்குச் செத்துப் பிழைத்தேன் என்று எழுதினால் மனைவி படித்துவிடுவாள். எழுதிவிடுகிறேன்.

ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு இழுப்பைக் கொண்டுபோக நடுவில் ரிலே என்று ஓர் உருளை இருக்கிறது. முன் குறுக்குச் சட்டத்தின் குழாய்க்குள் நட்டுக்குத்தாக நிற்கும். சூடு காட்டி, அடியில் ஜாக்கி வைத்து, மேலே சுத்தியலால் தட்டி, அரை நாள் போராடி வெளியே எடுத்தேன். அதற்குள் பலமான சுருள்வில் ஒன்று அமுங்கி இருக்கிறது. பாக்சிக் முன்பே சொன்னார்: கழற்றும்போது கோணிப்பையில் சுற்றிக்கொள் என்று. நான் பழந்துணியைச் சுற்றினேன். வில் துணியைக் கிழித்துக்கொண்டு என் காது ஓரமாகப் போய்க் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டது. அந்த ஓட்டை வழியாக இப்போது மழை ஒழுகுகிறது, சரியாக எஞ்சின் மேல்.

மார்ச் 24, ஞாயிறு

எஞ்சின் இறுகிக் கிடந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் கியர் எண்ணெயும் கலந்து நான்கு சிலிண்டரிலும் ஊற்றி இரண்டு வாரம் விட்டிருந்தேன். இன்று முன்பக்கம் கைப்பிடியைச் செருகி அழுத்தினேன், அசையவில்லை. அப்பா எழுந்து வந்து, கைப்பிடி மேல் காலை வைத்து, மெதுவாக உடம்பின் பாரத்தைக் கொடுத்தார். எழுபத்து நான்கு வயது. 'க்ரக்' என்று ஒரு விரல்கடை நகர்ந்தது. இறங்கி, போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹெட்டைத் திறந்து பார்த்தாயிற்று. இரண்டு வால்வு ஒட்டியிருந்தது, சிலிண்டர் சுவரில் லேசான துரு. தேய்த்து, புது ரிங் போட்டு மூடினேன். வால்வுகளின் டேப்பட் இடைவெளி எல்லாவற்றுக்கும் 10 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு. இதில் எழுத வேறொன்றும் இல்லை. நல்ல எஞ்சின்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. பாயசம் சாப்பிட்டுவிட்டு வயரிங்.

என் பிழைப்பே வயர்மேன் வேலை. வண்டி வயரிங் ஒரு மணி நேரத்தில் முடியும் என்று சொல்லி வைத்திருந்தேன். இங்கே வீட்டு வயரிங்கில் பச்சை என்றால் எர்த். தூக்கத்தில்கூட கை தானாகப் பச்சையை எர்த்தில் போடும். இந்த வண்டியில் பச்சை என்றால் சாவி திருப்பியதும் ஃபியூஸ் வழியாகக் கரண்ட் வரும் கம்பி. எர்த் கறுப்பு. பழக்க தோஷத்தில் ஒரு பச்சையைப் பாடியில் முடுக்கினேன். ஃபியூஸ் போனது; என் மரியாதையும் மகள் முன்னால் போனது.

குளோ பிளக் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. குளிரில் டீசல் பற்ற, ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக், நான்கு. நான் பார்த்த டீசல் வண்டிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியாக 12 வோல்ட் வாங்கிக்கொள்ளும். இதில் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள், தீபாவளிக்குப் போடும் பழைய சரவிளக்கு மாதிரி. ஒன்று போனால் நான்கும் போச்சு.

"காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"மேட்டுலதானே நிறுத்துவேன். உருட்டி விட்டா எடுத்துக்கும்."

22 வருடம் மேட்டில் நிறுத்தியிருக்கிறார். நான் தனித்தனி இணைப்புக்கு மாற்றினேன். தொழிற்சாலை நிலைக்கு இது முதல் துரோகம். இந்தக் குளிரில் சரவிளக்கு சரிப்படாது.

மே 5, ஞாயிறு

ஐந்து ஞாயிறாகப் பற்றவைப்பு. தொட்டியை நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம். சித்தப்பா, பாக்சிக், நான், மனைவி. சேஸியின் தகடு 2 மில்லிமீட்டர். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் அறுத்தால் போதாது, நல்ல இரும்பு வரும்வரை அறுக்க வேண்டும். நல்ல இரும்பு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பின் குறுக்குச் சட்டம் புதிது, பக்கவாட்டுத் தாங்கிகள் நான்கில் மூன்று புதிது. உள்ளே மெழுகு எண்ணெய் அடித்து, சேறு தங்காமலிருக்கக் கீழே வடிகால் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன்.

என் முதல் பற்றவைப்புகளைப் பார்த்தால், அப்பாவின் ஆங்கிள் இரும்பைக் குறை சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட முடியாது.

ஜூன் 15, சனி

பச்சை அடித்தேன். சுரண்டியபோது மேலே அப்பாவின் நீலம், அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் கரும்பச்சை வந்தது. சக்கரத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளை. முன்சக்கர மூட்டுகளில் குரோம் உருண்டை குழி விழுந்திருந்தது, அதையும் மாற்றியாயிற்று. அரை மாதச் சம்பளம் போன இடம் அது.

திங்கட்கிழமையிலிருந்து டீசல் லிட்டர் 3 வெள்ளி 35 காசு. போன வாரம்வரை 2.15. அப்பா பெயின்டைப் பார்க்கவில்லை. "ஓடினா எவ்வளவு குடிக்கும்னு கணக்குப் போட்டியா?" என்று கேட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது திருப்பிலேயே. வெள்ளைப் புகை, அப்புறம் கறுப்பு, அப்புறம் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது மாதிரி அந்தச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்டாலே அப்பா வருகிறார் என்று தெரியும்.

சாயங்காலம் சித்தப்பா சும்மா இருக்காமல் கொட்டகை வாசலிலேயே நான்கு காய்கறிக் கூடையைத் தொட்டியில் ஏற்றிப் பார்த்தார். கூடை அகலமும் தொட்டியின் சக்கர மேடும் ஒத்துப்போகவில்லை. கூடை விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, தள்ளினால் சரிந்தது. "முன்ன ஒரு தடுப்பு இருந்துச்சே?" என்றார். அந்த ஆங்கிள் இரும்பு, கூடையின் அடி உட்காரும் அளவுக்கு அளந்து வைத்தது. மேல் வரிசை எட்டு, கீழ் வரிசை எட்டு.

மகள் டார்ச் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். புல்லுக்குள் கிடந்தது. துரு தேய்த்து, பச்சை அடித்து, திரும்பப் பற்ற வைத்தேன். ஒரு பக்கம் அரை அங்குலம் சாய்ந்துவிட்டது. அப்பா டேப்பை வைத்து அளந்து பார்த்தார். "கூடை உக்காரும்" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போன வியாழக்கிழமை வண்டியைத் தூக்கு லோரியில் ஏற்றி மலைக்குக் கீழே ஆய்வுக்குக் கொண்டுபோனேன். சாலை வரி கட்டாத வண்டி, ஓட்டிப் போக முடியாது. பிரேக், விளக்கு, சேஸி எல்லாம் சரி. ஹேண்ட் பிரேக்கில் விழுந்தது.

தப்பு என்னுடையது. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கியர் பெட்டிக்குப் பின்னால், புரொப்பல்லர் தண்டு கிளம்பும் இடத்தில் தனியாக ஒரு டிரம் வைத்துப் பிடிக்கிறது. அங்கே இருக்கும் எண்ணெய் சீல் நன்றாகத் தெரிந்ததால் மாற்றாமல் விட்டேன், பத்து வெள்ளி மிச்சம். அது கசிந்து பிரேக் ஷூ முழுக்க எண்ணெய். நேற்றும் இன்றும் சீல், ஷூ இரண்டையும் மாற்றினேன். லோரிக்காரருக்கு மறுபடியும் கூலி.

ஆகஸ்ட் 17, சனி

ஆய்வில் தேறி, வரி கட்டி, இன்று முதல் லோடு. சித்தப்பா தோட்டத்தில் முட்டைக்கோஸ், பதினாறு கூடை.

ராத்திரி மழை பெய்து தோட்டப் பாதை வழுக்கியது. மஞ்சள் குமிழை அமுக்கினேன், முன்சக்கரமும் சேர்ந்துகொண்டது. வண்டி முனகாமல் ஏறியது. இறங்கும்போதும் அப்படியே. தார்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. வளைவில் திருப்ப முடியாமல் தோளால் இழுத்தேன். ரிலேயை நான்தான் தப்பாக மாட்டிவிட்டேன் என்று வியர்த்துவிட்டது.

"மஞ்சள்" என்றார் அப்பா, வெளியே பார்த்தபடியே.

மறந்தே போனேன். முன்னாலும் பின்னாலும் தனித்தனி வேகத்தில் சுற்ற இந்த வண்டியில் நடுவில் வழியில்லை; சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தாரில் எல்லாம் முறுக்கேறிவிடும். ஓரமாக நிறுத்தி, சிவப்பு லிவரைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும், மஞ்சள் தானாக மேலே வரும். இழுத்தேன், வரவில்லை. முறுக்கு இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னும் பலமாக இழுத்தேன்.

அப்பா என் கையை எடுத்துவிட்டார். "ரிவர்ஸ் போடு. நாலடி போ."

நாலடி பின்னால் போனதும், தட்டாமல் தொடாமல், 'டக்' என்று மஞ்சள் குமிழ் மேலே வந்தது.

வீட்டில் லோடை இறக்கியபோது ஒரு கூடையும் நகர்ந்திருக்கவில்லை. இடது கதவு வழியாக மழை ஒழுகுகிறது. கூரைத் தகர ஓட்டை இன்னும் அடைக்கவில்லை. வண்டியை மேட்டில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தியிருக்கிறேன்.