முயல் பெட்டிக்கு வெளியே சலம் விட்டால்

எங்கள் கிளிநொச்சி வீட்டுக் கடுவன் முயல் வளர்ந்ததும், சலம் விடுவதற்கென்று வைத்த பெட்டியை விட்டுவிட்டு விறாந்தை முழுக்கச் சலம் அடிக்கத் தொடங்கியது. தயவுசெய்து முயலுக்கு அடி போடாதீர்கள், பயந்தால் இன்னும் கூடும். 4 முதல் 6 மாதத்தில் பருவத்துக்கு வரும்போது எல்லை குறிக்கத்தான் இப்படிச் செய்கிறது, நலமடித்தால் (விதை எடுத்தால்) பெரும்பாலும் குறையும், ஆனால் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மிருக வைத்தியராகப் பார்க்க வேண்டும்.

சரி, அதுவரை? அது விடுகிற மூலையிலேயே பெட்டியை வையுங்கள். அடியில் பழைய பேப்பர், ஒரு பக்கம் காய்ந்த புல், ஏனென்றால் முயல் தின்றுகொண்டே கழிக்கிற பிராணி. சலத்தில் நனைந்த பேப்பர்த் துண்டொன்றை உள்ளே போட்டுவிட்டு, வெளியே விட்ட இடத்தை வினாகிரியால் துடையுங்கள். நன்றாகப் பழகிய முயல் திடீரென்று வெளியே விட்டால், முக்கினால், துளித்துளியாகப் போனால் அது குழப்படி இல்லை, வருத்தம். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.