பேசிக் எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை மாசம்? பொரின்ல இங்கிலிஷ் படிப்பிக்கப் போறவைக்கு

2022க்குப் பிறகு கொழும்பில எந்த ஸ்டாப் ரூமுக்குப் போனாலும் கதை ஒண்டுதான், ஆர் எந்த நாட்டுக்குப் போறது, என்ன குடுக்கிறாங்கள். டொலர் ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள 200 ரூபாயில இருந்து 350 தாண்டிப் போன வருஷம் அது. அரசாங்கமே 14/2022 எண்ட சுற்றறிக்கையை விட்டு, அரச ஊழியர் 5 வருஷம் வரைக்கும் நோ பே லீவுல வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் பென்ஷனும் பாதிக்காது எண்டு சொல்லிச்சு. பேந்தென்ன, இங்கிலிஷ் டீச்சர்மாரும் பெட்டி கட்டத் தொடங்கிட்டினம்.

நான் அதுக்கு முன்னமே போய் வந்த ஆள். முதல் மாலைதீவுல ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடம், பிறகு வளைகுடாவில ஒரு பிரைவேட் ஸ்கூல், இப்ப வெள்ளவத்தையில இருந்துகொண்டு இங்கயே ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல்ல படிப்பிக்கிறன். அதால பழைய மாணவியள், கூட வேலை செய்த ஆக்கள், தெரிஞ்சவைக்குத் தெரிஞ்சவை எண்டு எல்லாரும் ஓஃபர் லெட்டரை வாட்ஸ்அப்ல அனுப்பி "மிஸ், இது நல்லதோ, போகலாமோ" எண்டு கேக்கினம். ஆனா முதல் வரியில அவை எழுதுறது எப்பவும் ஒரு தொகைதான், மாசச் சம்பளம். அதை இண்டைக்கு இருக்கிற ரேட்டால பெருக்கி ரூபாயில பாத்தா ஆருக்கும் ஆசை வரும், வரத்தான் வேணும், பிழை இல்லை. நான் எல்லாருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லுறது என்னெண்டா அந்தத் தொகையை வச்சு ஒண்டையும் முடிவெடுக்காதேங்கோ, சம்பளத்தில பெரிய பங்கு கொன்ட்ராக்ட்டுக்குள்ள கிடக்கு, அதைத் தேடி எடுக்கோணும்.

அண்மையில ஒரு பிள்ளை துபாய்ப் பக்கத்து ஸ்கூல் ஒண்டின்ட ஓஃபரை அனுப்பினவ. மொத்தம் 6000 திர்ஹாம். டொலருக்கு 3.67 எண்டு நிலையான ரேட், அப்ப 1600 டொலருக்குக் கொஞ்சம் கூட. கீழ போய்ப் பிரிச்சுப் பாத்தா பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 3000 மட்டும், மிச்சம் முழுக்க வீட்டு அலவன்ஸ், ட்ரான்ஸ்போட் அலவன்ஸ், "அதர்" எண்டு ஒரு அலவன்ஸ். கைக்கு வாறது 6000 தானே மிஸ், எப்பிடிப் பிரிச்சா என்ன எண்டு கேட்டவ. கனக்க இருக்கு. அங்கத்தைய சட்டப்படி ஒரு வருஷம் முடிச்ச ஆளுக்கு வேலை விட்டு வரேக்க கிராஜுவிட்டி எண்ட பணிக்கொடை குடுக்கோணும், முதல் 5 வருஷமும் வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். அந்த நாள் சம்பளத்தைப் பேசிக்கை வச்சுத்தான் கணக்குப் பாக்கிறது. பேசிக் 3000 எண்டா நாளைக்கு 100, ரெண்டு வருஷத்துக்கு 4200 திர்ஹாம். அதே 6000க்குள்ள பேசிக்கை 5000 எண்டு போட்டிருந்தா 7000. மாசாமாசம் ஒரு வித்தியாசமும் தெரியாது, கடைசி நாள் அன்றைக்குத்தான் தெரியும், அப்ப கதைச்சு வேலை இல்லை. ஸ்கூல்காரர் ஏன் பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸைக் கூட்டினம் எண்டதுக்கு இதை விட வேற காரணம் எனக்குத் தெரியேல்ல.

வீட்டு அலவன்ஸ் எண்டதையும் விளக்கமாச் சொல்லோணும். "வீடு தருவம்" எண்டுறதும் "வீட்டுக்குக் காசு தருவம்" எண்டுறதும் ரெண்டு வேற வேற விஷயம். துபாயில வாடகை வருஷக் கணக்கு, அதை ரெண்டு, நாலு செக்காப் பிரிச்சு முன்கூட்டியே எழுதிக் குடுக்கிறதுதான் அங்கத்தைய வழக்கம். புதுசாப் போற ஆளிட்ட பேங்க் எக்கவுண்டே இருக்காது, செக் புக்குக்கு எங்க போறது. அதால என்ன நடக்குது, எங்கட பிள்ளையள் பெட்ஸ்பேஸ் எண்டு சொல்லுற இடத்தில, ஒரு அறைக்குள்ள நாலஞ்சு கட்டில் போட்ட இடத்தில போய் இருக்கினம், பகல் முழுக்க முப்பது பிள்ளையளோட கத்திட்டு வந்து இரவு பாடக்குறிப்பு எழுத ஒரு மேசை கூட இல்லாம கட்டில்ல குந்தி இருந்து எழுதினம். அலவன்ஸ் கொஞ்சம் குறைவெண்டாலும் ஸ்கூல் தாற அறை, தனியாப் பூட்டக்கூடிய கதவோட இருந்தா நான் அதைத்தான் எடுக்கச் சொல்லுவன். குறிப்பா தனியாப் போற பொம்பிளைப் பிள்ளையளுக்கு.

மற்றது, வருஷத்துக்கு எத்தனை மாசச் சம்பளம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலுக்கு வளைகுடாவில பள்ளிக்கூடம் பூட்டு. சில ஸ்கூல் 12 மாசமும் குடுக்கும், சில ஸ்கூல் 10 மாசக் கொன்ட்ராக்ட் போடும். மாசம் 6000 எண்டு ரெண்டு ஓஃபர் பக்கத்துப் பக்கத்தில இருந்தாலும் ஒண்டு வருஷத்துக்கு 72,000, மற்றது 60,000. அந்த ரெண்டு மாசம் வீட்ட வந்து நிக்கிறதுக்கு டிக்கெட் ஆர் போடுறது எண்டும் கேளுங்கோ. வருஷா வருஷம் டிக்கெட்டா, இல்லாட்டி ரெண்டு வருஷம் முடிச்சா மட்டும்தானா, இடையில விட்டா முதல் டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பாங்களா, இதெல்லாம் எழுத்தில இருக்கோணும். போன்ல "அதெல்லாம் பிரச்சினை இல்லை மிஸ்" எண்டு ஏஜென்சிக்காரர் சொல்லுறது எழுத்து இல்லை.

மாலைதீவு வேற மாதிரிக் கணக்கு. கிட்ட நாடு, ஒண்டரை மணித்தியாலப் பறப்பு, அங்கத்தைய பள்ளிக்கூடங்கள்ல இங்கிலிஷ் மீடியம், எங்கட ஆக்களும் இந்திய ஆக்களும் காலங்காலமாப் படிப்பிக்கிற இடம். ஆனா சம்பளம் அந்த நாட்டுக் காசான ருஃபியாவில. அரசாங்க ரேட் டொலருக்கு 15.42, அந்த ரேட்டுக்கு பேங்க்ல தேவையான அளவு டொலர் எடுக்கிறது கஷ்டம், நாட்டில எப்பவும் டொலர் தட்டுப்பாடு. வெளியில வாங்கப் போனா 17, 18, சில நேரம் அதுக்கும் மேல. 15,420 ருஃபியா எண்டா 1000 டொலர் எண்டு கொன்ட்ராக்ட் வாசிக்கேக்க நினைப்பம், 18க்கு மாத்தினா 857 டொலர்தான் வீட்ட வரும். 143 டொலர் கடல்லயே போச்சு. இதை ஒரு ஏஜென்சியும் சொல்லாது, அங்க இருக்கிற எங்கட டீச்சர்மாரிட்டத்தான் கேக்கோணும்.

தீவு வாழ்க்கையைப் பற்றி பயமுறுத்துற கதையள் கனக்கக் கேட்டிருப்பியள். எனக்கு அந்தத் தீவில கிடைச்ச மரியாதை வேற எங்கயும் கிடைக்கேல்ல. பிள்ளையளின்ட அப்பாமார் கடலுக்குப் போய் வந்தா வாசல்ல சூரை மீன் ஒண்டு தொங்கும், ஆர் கொண்டு வந்தது எண்டே தெரியாது, நான் அதை வெட்டி எங்கட மாதிரி தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வச்சு பக்கத்து அறை டீச்சருக்கும் குடுப்பன். மீன் சும்மா கிடைக்கும், ஆனா மரக்கறிக்குத்தான் தவம். தலைநகர் மாலேயில இருந்து சாமான் தோணி வாற அண்டைக்கு ஸ்கூல் விட்ட கையோட கடைக்கு ஓடோணும், பிந்திப் போனா வாடின கரட்டும் முளைவிட்ட வெங்காயமும்தான் மிச்சம், அதுவும் இங்க வெள்ளவத்தை மார்க்கெட்ல கேட்டா சிரிப்பாங்கள் அப்பிடி ஒரு விலை. கடல் குழம்பினா அந்தத் தோணியும் இல்லை. காய்ச்சல் வந்தா ஹெல்த் சென்டர்ல பனடோல் கிடைக்கும், அதுக்கு மேல எண்டா பெரிய தீவுக்கு ஸ்பீட் போட், அந்தப் போட் காசை இன்ஷூரன்ஸ் குடுக்குமோ எண்டதும் சம்பளத்தில சேத்துப் பாக்க வேண்டிய விஷயம்தான்.

வேலை நேரத்தை ஆரும் காசாப் பாக்கிறேல்ல, எனக்கு அதுதான் பெரிய கவலை. கொன்ட்ராக்ட்ல கடைசிப் பக்கத்தில அனேகமா ஒரு வரி இருக்கும், நிர்வாகம் ஒப்படைக்கிற வேற எந்த வேலையும் செய்யோணும் எண்டு. கிழமைக்கு எத்தனை பீரியட், வராத டீச்சருக்குப் பதிலா எடுக்கிற ரிலீப் பீரியட்டுக்குக் காசு உண்டோ, லீவு நாள்ல விளையாட்டுப் போட்டி, ஓபன் டே எல்லாத்துக்கும் வரோணுமோ, பஸ் டியூட்டி இருக்கோ. கிழமைக்கு 22 பீரியட்டுக்குக் கிடைக்கிற 5500ம் 32 பீரியட்டுக்குக் கிடைக்கிற 6000மும் எது கூட எண்டு பிரிச்சுப் பாத்தா உடன விளங்கும். இங்கிலிஷ் டீச்சருக்கு மற்ற ஆக்களை விட எழுத்துத் திருத்திறது கூட. முப்பது கொம்போசிஷன், அதுவும் ஒழுங்காத் திருத்திறதெண்டா ஒரு பின்னேரம் முழுக்கப் போயிடும்.

இனி பாஸ்போட் விஷயம். இதில எனக்குக் கோவம் இருக்கு, அதை மறைக்க விரும்பேல்ல. தென்கொரியாவில இங்கிலிஷ் படிப்பிக்கிற ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா எண்ட ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியாவோட செய்த ஒப்பந்தத்தால அவைக்கு ஒரு சின்ன வழி இருக்கு, எங்களுக்கு அதுவும் இல்லை. எங்கட பெடியள் கொரியாவுக்குப் போறது தொழிற்சாலை வேலைக்கு. கனடா ஸ்காபரோவில பிறந்து வளந்த என்ட மச்சாளின்ட மகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கு, இங்க யுனிவர்சிட்டில இங்கிலிஷ் ஸ்பெஷல் செய்து பத்து வருஷம் படிப்பிச்ச டீச்சருக்கு இல்லை. அதால கொரியாவில இங்கிலிஷ் டீச்சர் வேலை எடுத்துத் தாறம் எண்டு ஆரும் காசு கேட்டா ஒரு சதம் குடுக்காதேங்கோ. தாய்லாந்து, வியட்நாம் பக்கம் எங்களைப் போலவை போகலாம், வியட்நாமுக்கு டிகிரியும் படிப்பிக்கிறதுக்கு ஒரு சேர்டிபிகேட்டும் வேணும், தாய்லாந்து ஸ்கூல்கள் டோயிக் எண்ட இங்கிலிஷ் சோதினை மார்க்ஸ் கேக்கும். ஆனா அங்கயும் விளம்பரத்திலயே நேட்டிவுக்கு, அதாவது இங்கிலிஷைத் தாய்மொழியாக் கொண்டவைக்கு, ஒரு சம்பளம், பிலிப்பைன்ஸ் ஆக்களுக்கும் மற்றவைக்கும் அதில பாதி கிட்ட எண்டு போடுறாங்கள். ஒரே ஸ்டாப் ரூம், ஒரே புத்தகம், ஒரே பிள்ளையள். இது அநியாயம், அநியாயம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் மிச்சக் கணக்கைப் பாக்கோணும். இன்டர்வியூவில "இதே வேலைக்கு மற்ற டீச்சர்மாருக்கு என்ன ஸ்கேல்" எண்டு பணிவாக் கேக்கிறதில ஒரு குறையும் இல்லை. நான் கேட்டிருக்கிறன், ஒருக்கா கூட்டியும் தந்தவை.

இங்க விட்டுட்டுப் போறதின்ட விலையையும் போடுங்கோ. கொழும்பில பிரைவேட்டில 120,000 எடுக்கிற ஆளுக்கு ஸ்கூல் பக்கத்தால ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அது மாசம் 18,000, ரெண்டு வருஷத்துக்கு 432,000 ரூபா. அதோட வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில இங்கிலிஷ் டீச்சருக்கு பின்னேர டியூஷன் இல்லாம இருக்கிறதே இல்லை, ரெண்டு வருஷம் இல்லாட்டி அந்தப் பிள்ளையள் வேற இடம் பாத்திடுவினம், திரும்பி வந்து முதல்ல இருந்து சேக்கோணும். வளைகுடாவில டாக்ஸ் இல்லை எண்டு பெரிசாச் சொல்லுவினம், 2025 ஏப்ரல்ல இருந்து இங்கயும் மாசம் 150,000 வரைக்கும் டாக்ஸ் இல்லையே, அப்ப 120,000 எடுக்கிற ஆளுக்கு அதால என்ன லாபம்?

ஒன்லைன்ல வீட்டில இருந்தே படிப்பிக்கலாம்தானே எண்டும் கேக்கினம். 2021 ஜூலையில சீனா டியூஷன் கம்பனியளுக்குக் கட்டுப்பாடு போட்டதோட அந்தப் பெரிய சந்தை விழுந்திட்டுது. இப்ப இருக்கிற தளங்கள்ல கமிஷன் போக மிஞ்சிறதையும், வெளிநாட்டு வருமானத்துக்கு 2025 ஏப்ரல்ல இருந்து வந்த 15 வீதம் வரைக்குமான வரியையும் பாத்துட்டு இறங்குங்கோ. பக்க வருமானத்துக்கு நல்லது, அதை நம்பி வேலையை விடச் சொல்ல மாட்டன்.

போறதெண்டு முடிவெடுத்தா பேப்பர் வேலை இருக்கு. பரீட்சைத் திணைக்களம், வெளிவிவகார அமைச்சின்ட கொன்சியூலர் பிரிவு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், எல்லாம் பத்தரமுல்லைப் பக்கம்தான், கொள்ளுப்பிட்டியில 177 பஸ் எடுத்தா போகலாம். பிறகு அந்தந்த நாட்டுத் தூதரகத்தின்ட அட்டஸ்டேஷன், அதாவது சேர்டிபிகேட்டை உறுதிப்படுத்திறது, அதுக்குத்தான் கூடச் செலவு. அந்தச் செலவை ஸ்கூல் தருமோ எண்டு கேளுங்கோ, தாற ஸ்கூல்கள் இருக்கு. பணியகத்தில பதியாமப் போகாதேங்கோ, ஏஜென்சின்ட லைசென்ஸ் நம்பரையும் அங்கயே பாக்கலாம். விசிட் விசாவில வாங்கோ, வந்தாப்பிறகு மாத்துவம் எண்டு சொன்னா அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ, ஏனெண்டா விசா மாறும்வரைக்கும் உங்களுக்கு அங்க வேலை செய்யிற உரிமையே இல்லை. பாஸ்போட்டை ஒப்பீஸ்ல வச்சிருப்பம் எண்டாலும் அப்பிடித்தான், எமிரேட்ஸ் சட்டமே அதை விடாது.

அந்த 6000 திர்ஹாம் பிள்ளைக்கு நான் போகாத எண்டு சொல்லேல்ல. தகப்பன் இல்லை, தம்பி ஏ எல் படிக்கிறான், அவவுக்குக் காசு தேவை. நாலு கேள்வியை எழுதி ஈமெயில் போடச் சொன்னனான்: பேசிக்கை 4500 ஆக்கேலுமோ, அறை தருவியளோ, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டோ, கிழமைக்கு எத்தனை பீரியட். ஸ்கூல்ல இருந்து பதில் வந்தது. அறை தருவினமாம், கோடைக்கும் சம்பளம் உண்டாம், பீரியட் 26க்கு மேல போகாதாம், பேசிக் மட்டும் 3500க்கு மேல ஏலாதாம். இதெல்லாத்தையும் கொன்ட்ராக்ட்லயே ஏத்தி அனுப்பச் சொல்லித் திருப்பி எழுதியிருக்கிறா, அது வந்தாத்தான் சைன் பண்ணுவாவாம்.