மாவுக்கட்டோடு தம்பூனுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பள்ளி விடுமுறைக்குப் பக்கத்திலிருக்கும் தம்பூன் போகாமல் இருக்க முடியுமா, அதுவும் அக்கா பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்த பிறகு? கணுக்காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். போனேன்.

லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்பூன் 2004-இல் திறந்த கேளிக்கைப் பூங்கா, சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே. தண்ணீர் விளையாட்டுதான் அங்கே முக்கியம். சறுக்குக்குப் படியேற வேண்டும், அது நமக்கில்லை. கட்டின் மேல் பிளாஸ்டிக் பை சுற்றினால் போதும் என்றார் மாமா. அது தெறிக்கும் துளிக்குத் தாங்கும், முங்கினால் தாங்காது, உள்ளே பஞ்சு நனைந்தால் தோல் புண்ணாகிவிடும். அங்கே இருக்கும் வெந்நீர் ஊற்றுக் குளமும் வேண்டாம். கட்டில்லாத வெறும் சுளுக்கு என்றாலும் புதிதில் சூடு பட்டால் வீக்கம் கூடும்.

நிஜமான எதிரி ஈரத் தரை. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள் (ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தாவின் பேரன் துண்டு ரப்பருக்குக் கடை கடையாக அலைந்தது தனிக்கதை). சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். நான் அக்காவின் மாமியாருடையதை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன், யார் தள்ளுவது என்று பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. காலைத் தொங்கவிட்டே இருந்தால் மத்தியானத்திற்குள் வீங்கிவிடும், எங்கே உட்கார்ந்தாலும் உயரத் தூக்கி வையுங்கள். அப்படியும் கட்டு இறுகி விரல் மரத்தால் நேரே கிளினிக்தான்.

பூங்காவில் இருக்கும் புலியைப் பார்க்க நாற்காலியே போதும். அடுத்து கெந்திங் மலைக்குப் போகலாம் என்கிறார் அக்கா. முதலில் கட்டைப் பிரிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.