பாயிண்ட்ஸ் போய் எலக்ட்ரானிக் வந்த பழைய பாக்கி (பிக்கப் வண்டி): மாட்யூலைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எங்கே போனாலும் தெருவுக்கு ஒரு பழைய பாக்கியாவது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. டட்சன் 1200, ஃபோர்டு கோர்ட்டினா, பழைய ஹைலக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக நிசான் 1400. ரோஸ்லின் தொழிற்சாலையில் 2008 வரை தயாரான வண்டி அது. விடியற்காலையில் க்ளேர்வுட் காய்கறி மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய வண்டி செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை என்றால் அன்றைய வியாபாரமே போச்சு. அதனால்தான் பலரும் பாயிண்ட்ஸையும் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனை) கண்டென்சரையும் எடுத்துவிட்டு, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும் எலக்ட்ரானிக் கிட் போடுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் போட்ட பிறகு வண்டி தகராறு செய்தால் உடனே "மாட்யூல் போச்சு" என்று இன்னொன்று வாங்குவது சரியில்லை. பெரும்பாலான வண்டிகளில் மாட்யூல் நன்றாகவே இருக்கும். அதற்குப் போக வேண்டிய கரண்ட் போகாது, அல்லது திரும்பி வர வேண்டிய எர்த் (வண்டி உடம்பு வழியாகப் பேட்டரி மைனஸுக்குப் போகும் இணைப்பு) சரியாக இருக்காது.

நான் சொல்வது இரண்டு வயர் கிட்டைப் பற்றி: ஒரு சின்ன மாட்யூல், ரோட்டாருக்குக் கீழே கேம் மேல் மாட்டும் காந்த வளையம், ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். கறுப்பு வயர் காயிலின் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் சுருள்) மைனஸுக்கு. சிவப்பு பேட்டரி அளவு 12 வோல்ட் இருக்கும் இடத்துக்கு. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு சாவியைப் போட்டால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும், திரும்ப வராது.

சிவப்பு வயர்தான் பாதித் தகராறுக்குக் காரணம். பல பழைய வண்டிகளில் காயில் பிளஸுக்கு முழு 12 வோல்ட் வராது. இடையில் வோல்டேஜைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். சில வண்டிகளில் அது காயில் பக்கத்தில் திருகிய வெள்ளைப் பீங்கான் கட்டை, பார்த்தவுடன் தெரியும். கோர்ட்டினா போன்றவற்றில் அது கட்டையாக இல்லை, வயரிங்குக்குள்ளேயே ஓடும் ரெசிஸ்டன்ஸ் வயர். கண்ணுக்குத் தெரியாது என்பதால் "என் வண்டியில் பல்லாஸ்டே இல்லை" என்று நினைத்துவிடுவார்கள். இரண்டுமே ஏறக்குறைய 1.5 ஓம்.

மீட்டர் ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான். சாவியை ஆன் செய்து காயில் பிளஸில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். சரியாகத்தான் இருக்கிறது என்று சிவப்பு வயரை அங்கேயே மாட்டிவிடுவோம். ஆனால் அந்த நேரத்தில் காயிலில் கரண்ட் ஓடவில்லை. கரண்ட் ஓடாதபோது எந்த ரெசிஸ்டரும் வோல்டேஜைக் குறைக்காது. காயில் மைனஸை ஒரு துண்டு வயரால் இரண்டு நொடி எர்த்தில் தொட்டுக்கொண்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். 1.5 ஓம் காயிலும் 1.5 ஓம் பல்லாஸ்டும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், மீட்டர் 6 வோல்ட்டுக்கு இறங்கும். மாட்யூல் வேலை செய்யும்போதெல்லாம் அதற்குக் கிடைக்கப்போவது அந்த 6 வோல்ட்தான். காலையில் எப்படியோ ஓடும், சூடானதும் மிஸ் அடிக்கும், ரோபோவில் (டிராஃபிக் சிக்னல்) நின்றால் அணையும்.

ஆகவே சிவப்பு வயரை பல்லாஸ்டுக்கு முன்னால், அதாவது சாவிப் பக்கம் மாட்ட வேண்டும். காயில் பிளஸ் பல்லாஸ்டுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். பல்லாஸ்டைத் தூக்கிப் போடலாமா என்பது காயிலைப் பொறுத்தது. மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள், 0.3 ஓம் காட்டினால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு காயிலின் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே அளங்கள், வயர்களைக் கழற்றிவிட்டு. 3 ஓம் என்றால் பல்லாஸ்ட் வேண்டாம். வண்டி ஓடும்போது 14 வோல்ட், 3 ஓமுக்கு 4.7 ஆம்பியர், நான்கு சிலிண்டர் கிட் அதைத் தாங்கும். 1.5 ஓம் காயிலை பல்லாஸ்ட் இல்லாமல் கொடுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண கிட் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். "ஸ்பார்க் பலமாக வரட்டும்" என்று புதிய வண்டிக் காயிலை, 1 ஓமுக்கும் கீழே உள்ளதை, ஸ்கிராப்யார்டிலிருந்து கொண்டுவந்து மாட்டுவது கிட்டைக் கொல்லும் நிச்சயமான வழி.

சாவியோடு சம்பந்தப்பட்ட இரண்டு அறிகுறிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் சுற்றும்வரை பிடிக்காமல், சாவியை விட்ட அந்தக் கணத்தில் மட்டும் பிடிக்கிறது என்றால் சிவப்பு வயர் மாட்டிய இடத்துக்கு ஸ்டார்ட் நிலையில் கரண்ட் வரவில்லை. இதற்கு நேர்மாறாக, செல்ஃப் சுற்றும்போது பிடித்து, சாவியை விட்டவுடன் அணைகிறது என்றால் பல்லாஸ்ட் அறுந்திருக்கிறது. ஸ்டார்ட் நேரத்தில் பல்லாஸ்டைத் தாண்டி நேரடியாகக் காயிலுக்கு வரும் பைபாஸ் வயர் உண்டு. அதனால்தான் அப்போது மட்டும் ஓடுகிறது. இரண்டிலும் மாட்யூலுக்குப் பங்கில்லை.

ரெசிஸ்டன்ஸ் வயர் உள்ள வண்டிகளுக்கும், சாவி சுவிட்ச் தேய்ந்த வண்டிகளுக்கும் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுவதே எனக்குச் சரியாகப்படுகிறது. பேட்டரி பிளஸிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயில் 30 என்று எழுதிய காலுக்கு. 87-லிருந்து மாட்யூலின் சிவப்புக்கும், 3 ஓம் காயிலின் பிளஸுக்கும். 85 எர்த். பழைய காயில் பிளஸ் வயர் 86-க்கு. ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாக ரிலே இழுக்குமா என்று சந்தேகம் வரும். இழுக்கும். ரிலேயின் சுருளுக்கு 0.15 ஆம்பியர் போதும், 1.5 ஓமில் அது குறைப்பது கால் வோல்ட்கூட இல்லை. பைபாஸ் வயர் தனியாக வந்தால் அதையும் 86-லேயே சேருங்கள், இல்லாவிட்டால் செல்ஃப் அடிக்கும்போது ரிலே விட்டுவிடும். ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். அதில் எதையும் மாட்டாதீர்கள். சாவி எடுத்த பிறகும் அதில் கரண்ட் இருக்கும், இரவெல்லாம் காயில் வெந்து கிடக்கும்.

அடுத்தது எர்த். கடற்கரை ஊர்களில் இதுதான் மற்றப் பாதி. மாட்யூல் உட்காரும் பிளேட் அசையாத பிளேட் இல்லை. வேக்யூம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கை முன்கூட்டியே விடவைக்கும் அமைப்பு) இழுக்கும்போது அது சில டிகிரி திரும்பும். அதற்கு எர்த் போவதற்காக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சின்னப் பின்னல் வயர் இருக்கும். ஒரு நுனி பிளேட்டில், மறு நுனி உடம்பில் திருகியிருக்கும். முப்பது நாற்பது வருடம் மடங்கி மடங்கி, உப்புக் காற்றில் பச்சை பிடித்து, இழை இழையாக அறுந்து, கடைசியில் துணி உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். பார்த்தால் முழுசாகத் தெரியும், ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தூக்கினால் கையோடு வந்துவிடும். பாயிண்ட்ஸ் காலத்தில் கரண்ட் பிளேட்டின் பேரிங் வழியாக எப்படியோ போய்க்கொண்டிருந்தது. மாட்யூல் அதைப் பொறுக்காது.

சோதிப்பது எளிது. மீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையை பிளேட்டிலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் பிடித்துக்கொள்ளுங்கள். வேக்யூம் ஹோஸை கார்ப்ரேட்டர் பக்கம் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுங்கள். பிளேட் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். அது திரும்பும்போது மீட்டர் 0.2 ஓமுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். எண் குதித்தால் வயரை மாற்றுங்கள். மெல்லிய இழைகள் நிறைய உள்ள மீட்டர் லீட் வயர் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒற்றைக் கம்பி சில வாரத்தில் மடிந்து அறுந்துவிடும். ரோட்டாரையோ காந்த வளையத்தையோ உரசாதபடி வளைத்து விடுங்கள். உறிஞ்சும்போது பிளேட் அசையவே இல்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அது தனி வேலை.

பைன்டவுனிலிருந்து க்ளூஃப் நோக்கி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது, அல்லது சமவெளியில் பெடலை விட்டு விட்டு அழுத்தும்போது மட்டும் வெட்டி வெட்டி ஓடுகிறதா? அப்படிப்பட்ட வண்டியில் முதலில் இந்த வயரைப் பாருங்கள். வேக்யூம் மாறும்போது பிளேட் அசைகிறது, அசையும்போது எர்த் விடுகிறது. இது சரியாக இருந்தால்தான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும்.

காந்த வளையத்துக்கும் மாட்யூலுக்கும் இடைவெளி சுமார் 0.75 மில்லிமீட்டர், கிட்டோடு வரும் பிளாஸ்டிக் கேஜால் பாருங்கள். இரும்பு கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தப்பாகக் காட்டும். வளையம் அடிவரை உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ரோட்டார் உயர்ந்து கேப்பின் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடி) நடுக்கரியை நசுக்கும். மூடும் முன் என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

பழைய கண்டென்சரை எடுத்துவிட வேண்டும். காயில் மைனஸில் எந்தக் கண்டென்சரும் தொங்கக்கூடாது. ரேடியோ இரைச்சலுக்காகப் போட்ட கண்டென்சர் பிளஸ் பக்கம் இருந்தால் பரவாயில்லை. பிளக் வயர்கள் உள்ளே செப்புக் கம்பி உள்ளவையாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அவற்றின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். கார்பன் உள்ள சப்ரஷன் வயரும், பெயரில் "ஆர்" உள்ள பிளக்கும் போடுங்கள். என்ஜிகேயில் பிபி5இஎஸ் இருந்த இடத்தில் பிபிஆர்5இஎஸ். பிளக் இடைவெளியை 0.8-லிருந்து 1 மில்லிமீட்டருக்கு விரிக்கலாம். அதற்கு மேல் போனால், பிப்ரவரி மாத ஈரத்தில், பழைய கேப்பின் உள்பக்கம் ஸ்பார்க் ஊர்ந்து தடம் போட்டுவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் நீல நிறத்தில் ஊர்வது தெரியும்.

டைமிங்கை (ஸ்பார்க் விடும் நேரம்) புதிதாகப் பிடிக்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பாயிண்ட்ஸின் தேய்க்கும் கட்டை தேயத் தேய டைமிங் பின்தங்கும், அதற்கு ஈடாக டிஸ்ட்ரிபியூட்டரை யாரோ எப்போதோ திருப்பி வைத்திருப்பார்கள். மாட்யூல் ஸ்பார்க் விடும் இடமும் வேறு. வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்து, ஐட்லிங்கில், உங்கள் என்ஜினுக்கு உரிய டிகிரிக்கு டைமிங் லைட்டால் வையுங்கள். லைட்டில் குறி ஒரே இடத்தில் நிற்காமல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. எந்தக் கிட்டும் அதைச் சரிசெய்யாது. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே மெல்லிய காற்றில் கொஞ்சம் கூடுதல் அட்வான்ஸ் தாங்கும். அங்கிருந்து வாங்கி வந்த பாக்கி டர்பனில் ஏற்றத்தில் நாக்கிங் அடித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூட்டில் அணைகிறது என்றால், அணைந்த அந்த இடத்திலேயே, ஆறுவதற்குள் சோதிக்க வேண்டும். குமிழ் பல்ப் உள்ள டெஸ்ட் லைட்டின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, நுனியைக் காயில் மைனஸில் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எல்இடி டெஸ்டர் வேண்டாம், காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜில் கெட்டுவிடும். விளக்கு மினுக்கினால் மாட்யூல் வேலை செய்கிறது. மினுக்கியும் காயிலின் நடு வயரில் ஸ்பார்க் இல்லை என்றால் காயில்தான் குற்றவாளி. விளக்கு மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால், சிவப்பு வயரில் அப்போது எத்தனை வோல்ட் என்று அளங்கள். செல்ஃப் சுற்றும்போது 9 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, எர்த்தும் சரி என்றால் மட்டுமே மாட்யூலை மாற்றலாம். விளக்கு எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது மாட்யூல் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. கறுப்பு வயரைக் கழற்றியதும் எரிந்தால் ஷார்ட்தான்.

மாட்யூல் போனதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம்: என்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு ரேடியோ கேட்பது. பல கிட்டுகளில் என்ஜின் நின்ற நிலையைப் பொறுத்து காயிலில் முழுக் கரண்டும் நிற்காமல் ஓடும். ரேடியோவை சாவியின் ஆக்சஸரி நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

நிசானின் பிற்கால எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர், பக்கவாட்டில் தீப்பெட்டி போல மாட்யூல் ஒட்டியது, கிடைத்தால் அதை அப்படியே மாட்டுபவர்களும் உண்டு. நல்ல பொருள். ஆனால் விதி தலைகீழ்: அதற்கு 1 ஓம் அளவுள்ள காயில், பல்லாஸ்ட் இல்லாமல். அந்த மாட்யூலில் பி என்ற முனை காயில் பிளஸுக்கு, சி என்ற முனை மைனஸுக்கு. உள்ளே இடைவெளி 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர், பித்தளை கேஜால்.

ரிலே போட்ட பிறகு சாவியை எடுத்தும் என்ஜின் நிற்காமல் ஓடினால் பயப்படாதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் விளக்கு வழியாகக் கொஞ்சம் கரண்ட் திரும்பி வந்து ரிலேயைப் பிடித்துவைக்கிறது. சார்ஜ் விளக்கு வயரில் 1என்4007 டயோடு ஒன்றை, வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும்படி, சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சாவி எடுத்தவுடன் நிற்கும். கழற்றிய பாயிண்ட்ஸையும் கண்டென்சரையும் ஸ்க்ரூக்களோடு ஒரு பையில் கட்டி கபிஹோலில் (டாஷ்போர்டுப் பெட்டி) வையுங்கள். என்2 சாலையில் மாட்யூல் போனால், அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். 3 ஓம் காயில் என்றால் வேறு எந்த வயரையும் தொட வேண்டியதில்லை, மாட்யூலின் இரண்டு வயர்களைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, பாயிண்ட்ஸ் வயரைக் காயில் மைனஸில் மாட்டினால் போதும்.