மறுக்கத் தெரிந்த பிராக்ஸி

வரும் வேண்டுகோள்களை வாங்கிப் பின்னால் இருக்கும் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு பிராக்ஸிக்கு அதன் அமைவுகளை (எதை எங்கே அனுப்புவது போன்ற குறிப்புகளை) எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது பார்வைக்கு மிகச் சாதாரணமான கேள்வி. கோப்பில் எழுதி வைத்து, மாற்றம் வரும்போது கோப்பைத் திருத்தி, பிராக்ஸியை மறுபடி துவக்கினால் போதும் என்றுதான் வெகுகாலம் வேலை நடந்தது. பின்னால் இருக்கும் சர்வர்களின் முகவரிகள் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தவரை அதில் குறையொன்றும் இல்லை. மென்பொருளைச் சிறு தனிப்பொதிகளாக ஓட்டும் கன்டெய்னர்கள் வந்து, ஒரு சேவையின் பிரதிகள் நிமிடத்துக்கு நிமிடம் தோன்றியும் மறைந்தும் கொண்டிருக்கும் நிலை ஏற்பட்ட பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் பிராக்ஸியின் அமைவை ஓட்டத்தை நிறுத்தாமலேயே மாற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தேவைக்கு என்வாய் பிராக்ஸி கண்ட விடைதான் எக்ஸ்டிஎஸ் (xDS) என்னும் இடைமுகம். அதை நெருங்கிப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. இத்தகைய இடைமுகத்தில் அமைவை அனுப்புவது எளிய பாதி. அனுப்பியதை பிராக்ஸி மறுத்தால் என்ன, அனுப்பாமல் விட்டதற்கு என்ன பொருள் என்ற இரண்டையும் தீர்மானிப்பதுதான் கடினமான பாதி.

லிஃப்ட் நிறுவனத்தில் மேட் கிளைன் உருவாக்கிய என்வாய், 2016 செப்டம்பரில் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. அதன் முதல் இடைமுகத்தில் ஸ்ட்ரீம், அதாவது திறந்தே இருக்கும் தொடர் இணைப்பு, எதுவும் இல்லை. பிராக்ஸி குறிப்பிட்ட இடைவெளியில் அமைவுகளை வழங்கும் கட்டுப்பாட்டு சர்வரிடம் சென்று ஜேசன் என்ற உரை வடிவில் அமைவைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இடைவெளியைக் குறைத்தால் சர்வருக்குச் சுமை, கூட்டினால் பிராக்ஸியிடம் பழைய செய்தி என்ற குறையை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய குறை, கொடுத்த அமைவை பிராக்ஸி ஏற்றுக்கொண்டதா, பிழை என்று ஒதுக்கிவிட்டதா என்பது சர்வருக்குத் தெரியாமலே போனது. இரண்டாம் பதிப்பில் புரோட்டோபஃப் என்ற தரவு வடிவமும், ஜிஆர்பிசி என்ற தொலை அழைப்பு முறையின் இருவழி ஸ்ட்ரீமும் வந்தபோதுதான் பிராக்ஸிக்குப் பதில் சொல்லும் வாய் கிடைத்தது. இன்று புழக்கத்தில் இருப்பது மூன்றாம் பதிப்பு.

அந்தப் பதில் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சற்று அருகில் பார்க்கலாம். பிராக்ஸி ஸ்ட்ரீமைத் திறந்து, தான் யார் என்ற அடையாளத்தோடும், எந்த வகை வளம் (அமைவின் ஒரு கூறு) வேண்டும் என்ற குறிப்போடும் முதல் வேண்டுகோளை அனுப்புகிறது. பதிப்பு எண்ணும், சர்வர் தன் ஒவ்வொரு பதிலுக்கும் இடும் அடையாளக் குறியான நான்ஸும் அதில் காலியாக இருக்கும். சர்வர் லிசனர்களின் (இணைப்புகளை ஏற்கும் வாயில்களின்) பட்டியலை 7 என்ற பதிப்பு எண்ணும் அ1 என்ற நான்ஸும் இட்டு அனுப்புகிறது என்று கொள்வோம். பிராக்ஸி அதை ஏற்றால் 7, அ1 என்ற இரண்டையும் அப்படியே திருப்பி அனுப்பும். அடுத்ததாகச் சர்வர் 8, அ2 என்று அனுப்பும் பட்டியலில் ஒரு லிசனரின் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்புக்கான) சான்றிதழ் படிக்க முடியாதபடி இருக்கிறது. இப்போது பிராக்ஸி அனுப்பும் பதிலில் நான்ஸ் அ2, பதிப்பு எண் 7, கூடவே பிழையின் விவரம். இந்தச் செய்தி எதற்கான பதில் என்பதை நான்ஸும், நான் இப்போது எதில் நிற்கிறேன் என்பதைப் பதிப்பு எண்ணும் சொல்கின்றன. ஏற்பதற்கும் மறுப்பதற்கும் தனித்தனிச் செய்தி வகை கிடையாது. வேண்டுகோளாக வரும் அதே செய்திதான் மூன்று வேலையையும் செய்கிறது. முதலில் படிப்பவரை இது குழப்பும். ஆனால் மறுத்தபின்பும் பழைய லிசனர்கள் இணைப்புகளை ஏற்றுக்கொண்டு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதைப் பார்க்கும்போது, இந்த இடைமுகத்தை வடிவமைத்தவர்கள் எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பது விளங்கும்.

நான்ஸ் இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. சர்வர் புதிய பட்டியலை அனுப்பும் அதே கணத்தில் பிராக்ஸி இன்னொரு கிளஸ்டருக்கும் (ஒரே சேவையை வழங்கும் சர்வர்களின் தொகுதி) எண்ட்பாயிண்ட் (அந்தச் சர்வர்களின் முகவரிகள்) வேண்டும் என்று கேட்டுவிட்டால், இரண்டு செய்திகளும் வழியில் குறுக்கிட்டுக்கொள்கின்றன. சர்வர் தன் கைக்கு வந்த வேண்டுகோளில் பழைய நான்ஸைக் கண்டால் அதற்கு விடையளிக்காமல் காத்திருக்கலாம். புதிய நான்ஸோடு வரும் அடுத்த வேண்டுகோளில் அந்தக் கிளஸ்டரின் பெயரும் சேர்ந்தே வந்துவிடும்.

சர்வரை எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் மறுப்பு வந்த பிறகுதான். மறுப்பும் வேண்டுகோள் வடிவத்திலேயே வருவதால், அதற்கு விடையாக அதே தவறான அமைவை மறுபடி அனுப்பும் சர்வரை எழுதிவிடுவது எளிது. பிராக்ஸி மறுபடி மறுக்கும், சர்வர் மறுபடி அனுப்பும்; இரண்டு பக்கமும் ஓய்வின்றிச் சுழன்றுகொண்டிருக்கும். மறுப்பைக் குறித்துவைத்துக்கொண்டு, அமைவு உண்மையில் மாறும்வரை பேசாமல் இருப்பதே சரியான நடத்தை. மறுக்கப்பட்ட எண்ணிக்கையை என்வாய் தன் புள்ளிவிவரங்களில் தனியாகவே வைத்திருக்கிறது. எச்சரிக்கை மணியை எதில் கட்டுவது என்று என்னைக் கேட்டால் முதலில் அதில்தான் கட்டச் சொல்வேன். பழைய அமைவில் ஓடும் பிராக்ஸி வெளியிலிருந்து பார்க்க நலமாகவே தோன்றும் என்பதால், மறுப்பு பல நாள் கவனிக்கப்படாமல் கிடக்க வாய்ப்புண்டு.

இனி, இல்லாமை. எக்ஸ்டிஎஸ்ஸின் அடிப்படை வடிவத்தில் லிசனர், கிளஸ்டர் ஆகிய இரண்டு வகைகளுக்கும் ஒவ்வொரு முறையும் முழு நிலையும் அனுப்பப்படுகிறது. அந்த இரண்டு வகைகளில், பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால் அது நீக்கப்பட்டது என்று பொருள். ரூட் (எந்த வேண்டுகோள் எந்தக் கிளஸ்டருக்கு என்ற விதி), எண்ட்பாயிண்ட் வகைகளிலோ, பெயர் வராவிட்டால் அதில் மாற்றம் இல்லை என்றுதான் பொருள். அவற்றைச் சுட்டும் லிசனரோ கிளஸ்டரோ போகும்போதுதான் அவையும் போகும். ஒரே இடைமுகத்துக்குள் மௌனத்துக்கு இப்படி இரண்டு பொருள் இருப்பதை நான் குறையாகவே கருதுகிறேன். புதிதாகத் துவங்கிய ஒரு கட்டுப்பாட்டு சர்வர், தன் நினைவகம் நிரம்புவதற்குள் அவசரப்பட்டுக் காலியான கிளஸ்டர் பட்டியலை அனுப்பிவிட்டால், பிராக்ஸி அதில் எந்தப் பிழையும் காணாது. இலக்கணப்படி சரியான செய்தி அது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து எல்லாக் கிளஸ்டர்களையும் நீக்கிவிடும். மறுக்கும் உரிமை இங்கே காப்பாற்றாது. தனக்கே முழு நிலை தெரியும்வரை வாய் திறக்காத சர்வர்தான் காப்பாற்றும்.

மாற்றத்தை மட்டும் அனுப்பும் டெல்டா வடிவம் இந்தக் குறையை நேராகவே தீர்க்கிறது. நீக்கப்பட்டவை அதில் பெயர் சொல்லி நீக்கப்படுகின்றன. பத்தாயிரம் கிளஸ்டர்களில் ஒன்று மாறினால் ஒன்றுதான் போகும் என்ற சிக்கனத்தைத்தான் இதன் ஆதாயமாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். எனக்கு அந்தத் தெளிவுதான் பெரிதாகப் படுகிறது. துண்டிக்கப்பட்ட ஸ்ட்ரீம் மீண்டும் இணையும்போது, தன்னிடம் உள்ள ஒவ்வொரு வளத்தின் பதிப்பையும் பிராக்ஸி முதல் செய்தியிலேயே சொல்லிவிடுவதால், எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. என்வாய் பிராக்ஸிகளை நிர்வகிக்கும் இஸ்டியோ என்ற மென்பொருளின், 2024-இல் வந்த 1.22 பதிப்பு இந்த வடிவத்தையே இயல்பாக்கியது.

வரிசை முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ரூட்டை எக்ஸ் என்ற கிளஸ்டரிலிருந்து ஒய் என்ற கிளஸ்டருக்கு மாற்றுவதானால், முதலில் ஒய் கிளஸ்டர், பிறகு அதன் எண்ட்பாயிண்ட்கள், பிறகுதான் லிசனரும் ரூட்டும், கடைசியில் எக்ஸின் நீக்கம் என்று போக வேண்டும். மாறிப் போனால் இடைப்பட்ட நேரத்தில் பயனர்களிடமிருந்து வரும் வேண்டுகோள்கள் சேருமிடம் இல்லாமல் விழும். ஒவ்வொரு வகைக்கும் தனி ஸ்ட்ரீம், அதுவும் வெவ்வேறு சர்வர்களுக்கு என்றிருந்தால் இந்த வரிசையை யாராலும் உறுதிசெய்ய முடியாது. எல்லா வகைகளையும் ஒரே ஸ்ட்ரீமில் அனுப்பும் ஏடிஎஸ் அதற்காகவே இருக்கிறது. பிராக்ஸியும் தன் பங்குக்கு, எண்ட்பாயிண்ட் வந்துசேரும்வரை புதிய கிளஸ்டரைப் பயன்பாட்டுக்கு விடாமல் வைத்திருக்கும். இந்தக் காத்திருப்புக்கு என்வாயில் இயல்பான வரம்பு 15 நொடி. ஒரு கிளஸ்டரின் அமைவு மாறினாலும் பிராக்ஸி இதே காத்திருப்புக்குள் போகும் என்பதைச் சர்வர் எழுதுகிறவர் மறக்கக் கூடாது. எண்ட்பாயிண்ட்கள் மாறவில்லையே, முன்பே அனுப்பிவிட்டோமே என்று சர்வர் சும்மா இருந்துவிட்டால், காத்திருப்பு அந்த வரம்பு முடியும்வரை இழுத்துக்கொண்டு போகும்.

இந்த இடைமுகத்தில் ஒன்றை மாற்றும் வாய்ப்பு எனக்கு இருந்தால், மறுப்பின் விவரத்தைத்தான் மாற்றுவேன். நூறு கிளஸ்டர்கள் அடங்கிய பட்டியலில் ஒன்று மட்டும் தவறாக இருந்தாலும், பிராக்ஸி திருப்பி அனுப்புவது மனிதர் படிக்கத் தக்க ஒரு பிழைச் செய்திதான். எந்தப் பெயருடைய வளம், எந்தப் புலம், மற்ற தொண்ணூற்றொன்பதின் கதி என்ன என்பதைச் சர்வர் நம்பகமாகப் பிரித்தறிய எல்லோரும் ஒப்புக்கொண்ட வடிவம் இல்லை. ஆகவே இப்போதைக்கு, பிராக்ஸி செய்யும் சோதனைகளில் இயன்றவற்றை அனுப்புவதற்கு முன்பே சர்வரும் செய்து பார்ப்பதுதான் நடைமுறை வழி. அதற்குப் பிராக்ஸியின் எந்தப் பதிப்பு எதிரில் இருக்கிறது என்பதை முதல் செய்தியில் வரும் அடையாளத்திலிருந்து சர்வர் படித்துக்கொள்ள வேண்டும்.